தை மாதத்தில் பிளந்த தேக்கு மேசை: பலகை ஒட்டு, ரம்பம் குறித்து உதவி தேவை

பசுண்டாங் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் பசுண்டாங் பக்கம், வீட்டின் கீழ்த்தளத்தில் பத்தடிக்கு எட்டடி இடத்தில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மேசை ரம்பம், இரண்டு இழைப்புளி, உளிகள், சில கிளாம்புகள். அலுவலகம் முடிந்து வந்து மாலையில்தான் வேலை செய்ய முடிகிறது.

கோவில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்காகக் கடந்த ஆவணியில் ஒரு மேசை செய்து கொடுத்தேன். நீளம் ஐந்தடி, அகலம் முப்பது அங்குலம், கனம் ஒரு அங்குலம். ஐந்து தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மழைக்காலம் முழுவதும் நன்றாக இருந்தது. தை பிறந்ததும் இரண்டு ஒட்டுகள் விட்டுவிட்டன. தடித்த அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. பிள்ளைகள் எழுதும்போது பென்சில் முனை அதில் மாட்டிக்கொள்கிறது என்று ஆசிரியை சொன்னார். கோடை விடுமுறை வகுப்புக்கு முன்பாக இதைச் சரிசெய்து கொடுக்க விரும்புகிறேன். பசை மட்டமானதா, மரம் காயாததா?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மாலையில் ரம்பத்தைப் போட்டால் மோட்டார் சற்று நேரம் உறுமிவிட்டுத்தான் சுற்றத் தொடங்குகிறது. அறுத்த இடத்தில் கருகல் தடம் விழுகிறது. மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

மோல்மேன் ஆசாரி எழுதியது:

தம்பி, பசையைக் குறை சொல்லும் முன் பிளந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளவின் இரண்டு முகங்களும் எப்படி இருக்கின்றன? ஒரு பக்கம் பசை பளபளவென்று ஏடாகப் படிந்து, எதிர்ப்பக்கம் மரம் துடைத்தாற்போல் இருந்தால், பசை அந்த மரத்தைப் பிடிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் மரநார் பிய்ந்திருந்தால் பசை பிடித்திருந்தது, மரத்தை வேறு ஏதோ இழுத்துக் கிழித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மேசையின் அடியில் குறுக்குச் சட்டம் உண்டா, அதை எப்படிப் பொருத்தினீர்கள், விளிம்பை இழைத்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஒட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பசுண்டாங் பட்டறை எழுதியது:

ஐயா, பார்த்தேன். ஒரு ஒட்டில் நீங்கள் சொன்ன அதே பளபளப்பான ஏடு. நகத்தால் சுரண்டினால் தோலாக உரிகிறது. அடியில் உள்ள மரத்தில் பசையின் சுவடே இல்லை. மற்ற ஒட்டில் நார் பிய்ந்து சிலாம்பு நிற்கிறது.

அடியில் மூன்று படாக் (சிவப்பு நிறக் கடின மரம்) சட்டங்கள் உண்டு. மேசை வளையக் கூடாது என்று அவற்றைப் பசை தடவித் திருகாணியும் போட்டு இறுக்கினேன். பலகை விளிம்புகளை ஒரு வாரக் கடைசியில் இழைத்தேன். அடுத்த வாரக் கடைசியில் ஒட்டினேன்.

மோல்மேன் ஆசாரி எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. உங்கள் மேசையில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலாவது எண்ணெய். தேக்கு மழையிலும் கறையானிலும் தாக்குப்பிடிப்பது அதற்குள் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்காலும் பிற சத்துகளாலும்தான். இழைத்த விளிம்பைச் சும்மா வைத்திருந்தால் அந்தப் பிசுக்கு மெல்ல மேலே கசிந்து வந்து படர்கிறது. ஒரு வாரம் காத்திருந்த விளிம்பில் பசை மரத்தைத் தொடவில்லை, பிசுக்கைத்தான் தொட்டது. ஆகவே ஒட்டப்போகும் நாளிலேயே கூரான இழைப்புளியால் ஒரு சீவல் எடுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, துணியில் மஞ்சள் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். அசிட்டோன் ஆவியானதும் உடனே பசை. ஒன்று முக்கியம்: அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். கதவைத் திறந்து வையுங்கள், மின்கருவி எதையும் ஓட்டாதீர்கள், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம்.

இரண்டாவது, அந்தப் படாக் சட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் செய்யப்படும் மேசைகளில் பாதி இதனால்தான் வெடிக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. அகலவாக்கில் ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது. ரங்கூனில் வைகாசி முதல் ஐப்பசி வரை மழை. அந்த மாதங்களில் காற்றோட்டமான மண்டபத்தில் கிடக்கும் மரத்தின் ஈரப்பதம் 16, 17 சதவீதம் வரை ஏறும். மாசி, பங்குனியில் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும். மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டி அறுத்த தேக்குப் பலகை, ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் மாறுகிறது. 6 சதவீத மாற்றத்துக்கு முப்பது அங்குல மேசை கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு அங்குலம் சுருங்க வேண்டும். ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அறுத்த பலகையானால் ஏறக்குறைய அதில் பாதி.

நீங்கள் மேசையை ஒட்டியது ஆவணியில், மரம் விரிந்து நின்ற நேரத்தில். தை மாதத்தில் அது சுருங்கப் பார்த்தது. அடியில் ஒட்டித் திருகிய சட்டமோ தன் நீளவாக்கில் சுருங்காது. இழுபறியில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுத்தது: முதலில் எண்ணெய் ஒட்டு, பிறகு நல்ல ஒட்டை ஒட்டிய நார்.

சட்டம் வளையாமல் பிடிக்க வேண்டும், ஆனால் நகர விட வேண்டும். சட்டத்துக்குப் பசையே வேண்டாம். நடுத்திருகாணி மட்டும் வட்டத் துளையில் இறுக்கமாக. ஓரத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் நீள்துளை வெட்டி, வாஷர் போட்டு, மிக இறுக்காமல் முடுக்குங்கள். இப்போது மரம் சுருங்கிய நிலையில் இருப்பதால், ஓரத் திருகாணியை நீள்துளையின் உள்முனைக்கு அருகே இறக்குங்கள். மழையில் மேசை விரியும்போது அது வெளிப்பக்கம் நகர இடம் கிடைக்கும்.

தாம்வே வாசகி எழுதியது:

ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் தேக்குக்கு அசிட்டோன் பயன்படுத்துவதில்லை. அடுக்குமாடி வீட்டில் அந்த ஆவியோடு வேலை செய்யப் பயமாக இருக்கிறது. இழைத்த கையோடு, அதே மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுகிறேன், ஒட்டுகள் நிற்கின்றன. கூரான இழைப்புளிதான் உண்மையான மருந்து என்பது என் எண்ணம். உப்புத்தாள் போட்ட விளிம்பில் நுண்தூள் அடைந்துகொள்ளும்.

அண்ணன், பழைய வீடு இடித்த தேக்கும் இதில் கலந்திருக்கிறதா? ஒரு பலகை பழையது, பக்கத்துப் பலகை ஆலையிலிருந்து வந்த புதியது என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்காது. ஈரமானி விலை அதிகம். நான் சமையலறைத் தராசைத்தான் நம்புகிறேன். ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, மேல் தேதி எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால்தான் அந்தப் பலகையில் கை வைப்பேன்.

பழைய மரமானால் இழைக்கும் முன் காந்தத்தைத் தடவிப் பாருங்கள். தலை போன ஆணி உள்ளே ஒளிந்திருக்கும்.

படாக் இழைக்கும்போது முகமூடி கட்டாயம். அந்தச் சிவப்புத் தூள் மூக்கையும் தோலையும் அரித்தெடுக்கும். எந்த மரத்தின் தூளானாலும் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. வீட்டுக்கு அடியில் பட்டறை வைத்திருக்கிறீர்கள். தூள் மாடிக்கும் ஏறும்.

பெகு மின்பணி எழுதியது:

ரம்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உறுமல், சூடு, மாலை நேரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சந்தேகம் மின்னழுத்தம். மாலையில் தெருவே விளக்கும் குளிர்சாதனமும் போடும்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தாலும் வியப்பில்லை. இண்டக்ஷன் மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 180 வோல்ட்டில் மிஞ்சுவது சுமார் 61 சதவீதம்தான். மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுக்கிறது, சுருள் சூடாகிறது. வேகம் குறைந்த பல் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது.

மல்டிமீட்டரால் சாக்கெட்டில் ஒருமுறை, எக்ஸ்டென்ஷன் வயரின் நுனியில் ஒருமுறை அளந்து பாருங்கள், ரம்பம் ஓடும்போது. வயர் 0.75 சதுர மில்லிமீட்டராக இருந்து 15 மீட்டர் நீளமானால், 8 ஆம்பியரில் 6 வோல்ட் வயரிலேயே போய்விடும். கிளம்பும் கணத்தில் மோட்டார் ஐந்து மடங்கு இழுத்தால் 30 வோல்ட். அழுத்தம் சரியாக இருந்தும் உறுமினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம். அதை நீங்களே தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. அறுக்கும்போது மின்சாரம் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் திரும்பும்போது ரம்பம் தானாகச் சுற்றத் தொடங்கும். அந்நேரம் கை பல்லுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மின்வெட்டுக்குப் பிறகு தானாகக் கிளம்பாத காந்த சுவிட்ச் கிடைக்கும். ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

பசுண்டாங் பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாக்கெட்டில் மாலையில் 190 வோல்ட் வருகிறது. வயரின் நுனியில் ரம்பம் ஓடும்போது 181. காலையில் சாக்கெட்டிலேயே 226. தடித்த குட்டை வயருக்கு மாறிவிட்டேன், அறுக்கும் வேலையை ஞாயிறு காலைக்கு ஒதுக்கிவிட்டேன். கருகல் பெரும்பாலும் நின்றது. இன்னும் கொஞ்சம் விழுகிறது.

மேசையை ஒட்டு ஒட்டாக அறுத்துப் பிரித்தேன். அக்கா கேட்டது சரி: ஏடு உரிந்த ஒட்டில் ஒரு பலகை பழைய வீட்டு மரம். சோதனைக்கு வெட்டுத்துண்டுகளில் இரண்டு ஜோடி ஒட்டினேன், ஒன்று அசிட்டோனோடு, ஒன்று இழைத்த கையோடு. மறுநாள் வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டினேன். இரண்டும் ஒட்டில் விடவில்லை, பக்கத்து மரம்தான் உடைந்தது. எனக்கு இரண்டு வழியும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

மிச்சக் கருகலுக்கு என்ன செய்வது? மேல்பூச்சு மேல்பக்கம் மட்டும் போதுமா?

மோல்மேன் ஆசாரி எழுதியது:

அக்கா சொன்ன வழி புது விளிம்புக்குச் சரி. பழைய மரத்துக்கு நான் துடைத்துவிட்டே ஒட்டுவேன். அதில் முன்பு என்ன மெருகு, என்ன எண்ணெய் ஏறியதோ நமக்குத் தெரியாது.

கருகலுக்கு ரம்பத்தின் பல்லைப் பாருங்கள். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா உண்டு, சாதாரண எஃகுப் பல் விரைவில் மழுங்கிவிடும். கார்பைடு நுனி வைத்த தகடு வாங்குங்கள். தகட்டில் ஒட்டிய பிசினையும் கழுவுங்கள்.

பூச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவு கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் மட்டும் வேகமாக ஈரம் குடித்து பலகை கிண்ணமாக வளையும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

பசுண்டாங் பட்டறை எழுதியது:

சரி ஐயா. நீள்துளை வெட்டும் வேலை மட்டும் மிச்சம். சட்டத்துக்குப் படாக்கையே வைத்துக்கொள்ளலாமா, தேக்குக்கு மாற்ற வேண்டுமா?

மோல்மேன் ஆசாரி எழுதியது:

படாக்கே இருக்கட்டும். நகர இடம் இருந்தால் எந்தச் சட்டமும் கெடுதல் செய்யாது. பழைய பசையை மட்டும் சட்டத்திலிருந்து சுத்தமாக இழைத்து எடுத்துவிடுங்கள்.