கொயருக்குப் பாட்டுத் தேடின கதைகள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி பேஸ்காரன்:

நத்தார் கிட்ட வந்தால் போதும், “அண்ணன், இந்தப் பாட்டுக்கு ஸ்கோர் இருக்கா?” என்று போனுக்கு மேல் போன் (ஸ்கோர் என்றால் குரல்களுக்குச் சுரம் எழுதின தாள்). இருக்கிறது. பெரும்பாலும் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் எல்லாரும் பாட்டின் பெயரை அடித்துத் தேடுகிறார்கள், முதலில் வந்த பி.டி.எஃப்-ஐ பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்கள், அப்புறம்தான் டெனர் (ஆண்களின் மேல் குரல்) வரிக்கு ஆள் இல்லை என்று தெரிகிறது. நான் சொல்வது ஒன்றுதான். பாட்டைத் தேடாதீர்கள், உங்கள் வாங்கில் உட்கார்ந்திருக்கிற குரல்களுக்கு என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

எங்கள் கொயரைச் சொல்கிறேன். சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் மேல் குரலுக்கு, குறைவில்லை. பெண்களின் கீழ் குரலான ஆல்டோவுக்கு உறுதியான அக்காமார் ஓரிருவர். ஆண்களில் பாதிப் பேர் கட்டாரில். மிஞ்சியவர்களில் மேல் சுரம் எட்டுகிறவர் யாரும் இல்லை. இந்த நிலைமையில் நாலு குரல் பாட்டை வைத்து மாரடிப்பதில் என்ன பயன்?

நான் அதிகம் பாவிப்பது சி.பி.டி.எல். என்கிற இலவசக் கொயர் ஸ்கோர் தளம். ரஃபாயெல் ஓர்னெஸ் 1998 டிசம்பரில் தொடங்கியது. 2005இல் அது விக்கிபீடியாவைப் போல எல்லாரும் ஏற்றவும் திருத்தவும் கூடியதாக மாறியது. காப்புரிமை முடிந்த பாடல்கள்தான் பெரும்பங்கு. தங்கள் ஆக்கங்களைத் தாங்களே இலவசமாக ஏற்றிவிடுகிற இன்றைய இசையமைப்பாளர்களும் இருக்கிறார்கள். அங்கே போனதும் மேலே இருக்கிற சின்னத் தேடல் பெட்டியில் கை வைக்காதீர்கள். பல வகைகளைச் சேர்த்துத் தேடுகிற பக்கம் ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குப் போங்கள். எத்தனை குரல், எந்தெந்தக் குரல், சமயப் பாட்டா இல்லையா, மொழி, வாத்தியம், காலகட்டம் எல்லாம் தெரிவு செய்யலாம். எங்களுக்கு எஸ்.ஏ.பி., அதாவது சோப்ரானோ, ஆல்டோ, ஆண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வரி. அதை முதலில் அழுத்துவேன். பிறகு சமயப் பாட்டு. அதோடு நிறுத்திவிட்டு என்ன வருகிறது என்று பார்ப்பேன்.

எல்லாப் பெட்டியையும் ஒரேயடியாக நிரப்பினால் ஒன்றுமே வராது. விவரங்களைப் பதிந்தவர்கள் தொண்டர்கள். ஒரே மாதிரிச் சமயப் பாட்டை ஒருவர் மோட்டெட் என்று பதிவார், இன்னொருவர் ஆந்தம் என்பார், மூன்றாமவர் அந்த இடத்தைச் சும்மா விட்டிருப்பார். நீங்கள் மோட்டெட்டை மட்டும் கேட்டால் மற்ற இரண்டும் ஒளிந்துவிடும். பட்டியல் வெறுமையாக வந்தால் முதலில் காலகட்டத்தை எடுத்துவிடுங்கள், பிறகு மொழியை. குரல் தெரிவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாத்தியத் தெரிவிலும் ஒரு பொறி இருக்கிறது. மோட்சார்ட் 1791இல் எழுதிய ஆவே வேரும் கோர்ப்புஸ் வெறும் 46 பார் (தாளக் கட்டம்), எந்தச் சின்னக் கொயரும் ஆசைப்படுகிற பாட்டு. மூலத்தில் அதற்குத் தந்திவாத்தியமும் ஓர்கனும் உண்டு. ‘வாத்தியம் இல்லாமல்’ என்று அழுத்தித் தேடினால் அது எப்படி வரும்?

எஸ்.ஏ.பி. என்று போட்டிருக்கிறது என்பதற்காக உடனே பிரிண்ட் எடுக்கவும் வேண்டாம். ஸ்கோரைத் திறந்து ஆண்கள் வரியின் ஆக மேல் சுரத்தையும் ஆகக் கீழ் சுரத்தையும் பாருங்கள். ஒரே பாட்டுக்குப் பல பதிப்பு இருக்கும், ஒன்றை ஒரு சுரம் இறக்கியிருப்பார்கள், இன்னொன்றை ஏற்றியிருப்பார்கள். பதிப்புக் குறிப்பு என்ற வரியில் அது எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

கல்முனை மியூசிக் ரீச்சர்:

நான் படிக்கிறேன் அண்ணன்!

என்னுடைய கதை ஆயித்தியமலை மாதா திருவிழாவோடு சம்பந்தப்பட்டது. எங்கள் பிள்ளைகளைப் பாடச் சொன்ன ஃபாதர், “ஆர்காடெல்ட்டின் ஆவே மரியா வேண்டும்” என்றார். ஆவே மரியா என்று தேடிப் பாருங்கள், ஊரில் உள்ள இசையமைப்பாளர் எல்லாரும் வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தால் திருவிழாவே முடிந்துவிடும்.

இதற்கு நல்ல வழி, பாட்டின் வரிகளுக்கென்றே இருக்கிற பக்கம். ஆவே மரியா, மாக்னிஃபிகாத், தந்தும் எர்கோ போல பலர் இசையமைத்த செபங்களுக்கு அங்கே தனிப் பக்கம் உண்டு. அந்த வரிகளுக்கு இசையமைத்தவர்கள் ஒரே பட்டியலில் இருப்பார்கள், பக்கத்திலேயே எத்தனை குரல், எந்தக் குரல் என்றும் போட்டிருக்கும். எனக்கு வேண்டியது பெண்குரல் மூன்று, எஸ்.எஸ்.ஏ. கண்ணை ஓட்டினால் போதும். வரிகளின் மொழிபெயர்ப்பும் பல பக்கங்களில் இருப்பதால், என்ன பாடுகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வசதி.

தேடின இடத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஆவே மரியா ஆர்காடெல்ட் எழுதியதே இல்லை. அவர் 1568இல் காலமான மனிதர். அவருடைய மூன்று குரல் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை எடுத்து, 1842இல் பியேர் லூயி தீத்ஷ் என்பவர் இன்னொரு குரலும் சேர்த்து ஆவே மரியா வரிகளைப் பொருத்தியிருக்கிறார். மூலப் பாட்டு காதலைப் பற்றியது. அதை ஃபாதரிடம் சொல்லலாமா விடலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, “மாதா கோவிக்க மாட்டா, பாடுங்கோ” என்றார்.

அக்கரைப்பற்று ஓர்கன்:

ரீச்சர் சொன்னதுக்கு மேலே நான் சொல்ல என்ன இருக்கு. ஒரே ஒரு விஷயம். ஸ்கோர் பெயருக்குக் கீழே தாளின் அளவு போட்டிருக்கும். அமெரிக்கக்காரர் ஏற்றியதில் ‘லெட்டர்’ என்று இருக்கும், நம்மிடம் இருப்பதோ ஏ4. பிரிண்ட் கொடுக்கும்போது தாளுக்குப் பொருத்தச் சொல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம். இங்கே ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தால், பக்கத்துக்குப் பக்கம் வலது ஓரத்தில் இருக்கிற சுரம் பாதியாக நிற்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பெரிய சந்தோஷம்.

பெரியகல்லாறு ஞானப்பாட்டு:

எல்லாரும் லத்தீன் பாட்டோடு நிற்கிறீர்கள். மெதடிஸ்த ஆட்கள் எங்களுக்குத் தேவை வேறு. வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்த காலம் தொட்டு மிஷனரிமார் கொண்டுவந்த ராகங்களில்தான் பல ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடுகிறோம். வரிகள் கையில் இருக்கும், ராகம் அம்மம்மாவின் வாயில் இருக்கும், நாலு குரல் ஸ்கோர் எங்கேயும் இருக்காது.

இதற்கு நான் போவது ஞானப்பாட்டுகளுக்கென்றே இருக்கிற ஹிம்னரி தளத்துக்கு. அங்கே பாட்டின் பெயரால் தேடத் தேவையில்லை, அடி அளவால் தேடலாம். 8.7.8.7 என்றால் முதல் அடியில் எட்டு அசை, அடுத்ததில் ஏழு. அந்த அளவில் அமைந்த ராகங்கள் வரிசையாக வரும். ராகத்தின் பெயர் தெரிந்தால் இன்னும் சுகம். 1551இல் ஜெனிவாவில் அச்சான ஓல்ட் ஹன்ட்ரெத் என்ற ராகத்தை எடுங்கள், அது 8.8.8.8. அந்தப் பெயரைக் கொடுத்தால் அதே ராகத்தில் பாடப்படுகிற பாட்டுகள் எல்லாம் வந்துவிடும். அளவும் தெரியாது பெயரும் தெரியாது என்றாலும் வழி இருக்கிறது, முதல் சில சுரங்களைக் கொடுத்துத் தேடலாம். அம்மம்மாவைப் பாடவைத்து, கீபோர்டில் சுரத்தைக் கண்டுபிடித்து, அப்படித்தான் ஒரு ராகத்தைப் பிடித்தேன். “இதுக்குப் போய் இவ்வளவு பாடா மனே, என்னட்டக் கேட்டாப் பாடித் தந்திருப்பன்தானே” என்றா.

ராகம் கிடைத்த பிறகு அதன் ஸ்கோரை மியூசிக் எக்ஸ்.எம்.எல் வடிவில் தேடுங்கள். பி.டி.எஃப் வெறும் படம், அதில் ஒன்றும் மாற்ற முடியாது. எக்ஸ்.எம்.எல்-ஐ இலவசமாகக் கிடைக்கிற மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் திறந்து, ஆங்கில வரியை அழித்துவிட்டு, சுரத்துக்கு ஓர் அசையாகத் தமிழைத் தட்டலாம். தட்டும்போதே எங்கே இடிக்கிறது என்று தெரியும். நெடில் எழுத்து ஓடுகிற சின்னச் சுரத்தில் விழுந்து, குறில் போய் நீட்டுகிற சுரத்தில் உட்கார்ந்தால் ‘பலம்’ என்பது ‘பாலம்’ ஆகிவிடும். அந்த இடங்களில் இரண்டு சுரத்தைச் சேர்த்துக் கட்டுவேன், அல்லது சொல்லை முன்பின்னாக மாற்றுவேன்.

சுரம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இதே ஃபைல்தான். மியூஸ்ஸ்கோரில் இருக்கிற மிக்ஸரில் மற்றக் குரல்களை அடக்கி, ஆல்டோவை மட்டும் ஒலியாக எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். வீட்டில் சமைத்துக்கொண்டே பாடமாக்கிவிடுவார்கள்.

திருக்கோவில் தம்பி:

பேஸ்காரன் அண்ணன், ஜோன் ரட்டரின் கரோல் ஒன்று தேடுகிறேன், நீங்கள் சொன்ன தளத்தில் எப்படித் தேடினாலும் வரவில்லை. நான் தேடுகிற விதம் பிழையா? மியூசிகா என்று இன்னொரு தளத்தில் பெயர் வருகிறது, ஆனால் டவுன்லோட் இல்லை.

கல்லடி பேஸ்காரன்:

தேடின விதத்தில் பிழை இல்லை தம்பி. ரட்டர் 1945இல் பிறந்தவர், உயிரோடு இருக்கிறார். நம் நாட்டுச் சட்டப்படி, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், ஆக்கியவர் காலமாகி 70 வருடம் வரைக்கும் உரிமை இருக்கிறது. அதனால் அவருடைய பாட்டுகளை வெளியீட்டாளரிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், எங்காவது களவாக ஏற்றின பிரதி கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மியூசிகா நூலகத்து அட்டவணை மாதிரி. ஸ்கோரை இறக்குவதற்கு அல்ல, பாட்டைப் பற்றிய விவரத்துக்கு. எவ்வளவு கடினம், எத்தனை நிமிடம் என்றெல்லாம் வைத்துத் தேடலாம், அதனால் என்ன பாடலாம் என்று முடிவெடுக்க அது நல்லது. முடிவெடுத்த பிறகு, இசையமைப்பாளர் பழைய ஆளாக இருந்தால் சி.பி.டி.எல்-க்கு வாருங்கள். அங்கேயும் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே காப்புரிமை வரி இருக்கும். தளத்தின் பொது உரிமத்தில் இருந்தால் கொப்பி எடுத்துக் கொயருக்குக் கொடுக்கலாம். ‘பெர்சனல்’ என்று இருந்தால் மட்டும் பதிப்பித்தவர் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, தெளிவில்லாவிட்டால் அவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் எழுதிக் கேட்டவர்கள் ஓம் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் எந்த ஊர் என்று விசாரித்து, பாடின வீடியோவையும் அனுப்பச் சொன்னார்.