எஃப்5 வியூவில் கட்டினால் பிளாக் வேறு இடத்தில் ஒட்டுகிறது, எந்தக் கேமராவில் கட்டுவது?

மண்குதிரை:
பிளாக் அடுக்கிக் கட்டுற மைன்கிராஃப்ட் கேம், கம்ப்யூட்டர்ல ஜாவா எடிஷன். எஃப்5 தட்டினா வர்ற, முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற வியூவில் சுவருக்கு அந்தப் பக்கத் தரை நல்லாவே தெரியுது. ஆனா அங்கே பிளாக் வைக்கப் போனா இந்தச் சுவர்லயே ஒட்டிக்குது. நடுவுல இருக்கிற பிளஸ் குறியும் காணோம். குகைக்குள்ள போனா கேமரா பிடரியில வந்து ஒட்டிக்குது. செட்டிங் ஏதும் மாத்தணுமா?

கல்தச்சன்:
செட்டிங் கோளாறு இல்லை. கேமரா எங்கே இருந்தாலும் கை நீள்றது ஆளோட கண்ணிலிருந்துதான். நிற்கும்போது கண் 1.62 பிளாக் உயரத்துல இருக்கு. கேமரா அதுக்கு 4 பிளாக் பின்னால, பார்க்கிற திசைக்கு நேர் எதிரா நிற்கும். 45 டிகிரி கீழே குனிஞ்சு பார்த்தா கேமரா தரையிலிருந்து சுமார் 4.4 பிளாக் மேலே போயிடும். 2 பிளாக் சுவரைத் தாண்டி அதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதான் சுவர்ல ஒட்டுது. பிளஸ் குறி ஜாவாவில் அந்த வியூவில் மறைஞ்சேதான் இருக்கும். பிளாக்கைச் சுத்தி வர்ற கறுப்புக் கோடு மட்டும் நிஜம், அதைப் பாருங்க.

குகையில பின்னால பாறை இருந்தா கேமரா அதுக்குள்ள புக முடியாம முன்னால வந்துடும். 3 பிளாக் உயர அறையிலயும் இதே கதைதான். உள்வேலை முழுக்க பர்ஸ்ட் பெர்சன்லயே (ஆளோட கண்ணிலிருந்து பார்க்கிற வியூ) செய்யுங்க.

விளிம்புல நின்னு வெளியே பிளாக் நீட்டணும்னா ஷிஃப்ட்டை அழுத்தியே வெச்சிருங்க, விழ மாட்டீங்க. கால் எங்கே நிக்குதுன்னு சந்தேகம் வந்தா எஃப்5 ஒரு தட்டு, பார்த்துட்டு இன்னும் ரெண்டு தட்டு; பழைய வியூவுக்கு வந்துடலாம். நடுவுல வர்றது முகத்தைக் காட்டுற வியூ. அதுல நடக்காதீங்க, இடம் வலமாகிடும்.

செங்கல்சூளை:
எலிட்ரா (பறக்கிற இறக்கை), படகு, குதிரைக்குப் பின்பக்க வியூ நல்லது. கட்டினதைச் சரிபார்க்க அதுவும் போதாது, 4 பிளாக் தூரத்துல என்ன தெரியும்? சீட் (cheat) அனுமதி இருந்தா எஃப்3 + என் அழுத்தி ஸ்பெக்டேட்டருக்குப் (பறந்து சுத்திப் பார்க்க மட்டும் முடியுற மோட்) போங்க. எஃப்ஓவியை (பார்வைக் கோணம்) 30 ஆக்கி, எஃப்ஓவி எஃபெக்ட்ஸை 0% ஆக்குங்க (இல்லேன்னா பறக்கும்போது தானா விரியும்). 20 பிளாக் உயர முகப்புன்னா 38 பிளாக் தள்ளி, நடு உயரத்துல நில்லுங்க. வரைபடம் மாதிரி தட்டையாத் தெரியும். ஒரு ஜன்னல் ஒரு பிளாக் தள்ளியிருந்தாலும் மாட்டிக்கும். எஃப்ஓவி 70-ல அதே சுவர் 15 பிளாக் தூரத்துல திரையில அடங்கிடும், ஆனா ஓரத்துல துருத்திக்கிட்டு இருக்கிறது பின்னால இருக்கிறதை மறைச்சிடும். எஃப்1 அழுத்தினா கீழே உள்ள பட்டையெல்லாம் மறையும், எஃப்2 ஸ்கிரீன்ஷாட்.

மண்குதிரை:
சுவர் விஷயம் புரிஞ்சது. லேப்டாப்ல எஃப்5 தட்டினா வெளிச்சம் குறையுது. எஃப்ஓவி 110-லயே விளையாடலாமா? 70-ல தலை சுத்துது.

கல்தச்சன்:
எஃப்என் + எஃப்5. இல்லேன்னா கன்ட்ரோல்ஸ்ல டாகிள் பெர்ஸ்பெக்டிவ்வை வேற கீக்கு மாத்திக்கோங்க.

110 வேண்டாம். சின்ன அறைகூட மண்டபமாத் தெரியும், அதை நம்பி இடுக்கலாக் கட்டிடுவோம். 80–90 வெச்சு, முதல்ல வியூ பாபிங்கை அணைச்சுப் பாருங்க. பல பேருக்குத் தலை சுத்தறது நடக்கும்போது வர்ற அந்த ஆட்டத்தாலதான்.