புதுப்பிப்பு: மகனின் விளையாட்டு சிகிச்சை

தாத்தா இறந்த பிறகு என் ஆறு வயது மகன் பேச்சையே குறைத்துக்கொண்டான், விளையாட்டு சிகிச்சைக்கு (மனதில் இருப்பதைக் குழந்தை விளையாட்டு வழியே வெளிப்படுத்த உதவும் மனநல சிகிச்சை) அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் போகச் சொன்னீர்கள். போய்க்கொண்டிருக்கிறோம்.

அங்கே அவனை யாரும் கேள்வி கேட்டுத் துளைப்பதில்லை. மணல் தட்டு, களிமண், கைப்பொம்மைகள், வண்ணங்கள் எல்லாம் இருக்கும். எதை எடுப்பது என்பது அவன் இஷ்டம். குழந்தை வழிகாட்ட, பெரியவர் பின்தொடர வேண்டும் என்று இந்தச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-லேயே எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்தில் ஒரு தாத்தா பொம்மையை மணலில் புதைப்பான், தோண்டி எடுப்பான், மறுபடி புதைப்பான். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. சிகிச்சையாளர் தடுக்கவே இல்லை. "அவரை உள்ளே வைக்கிறாய்" என்று நடப்பதை மட்டும் சொன்னார். அப்புறம் ஒருநாள் களிமண்ணில் மூக்குக்கண்ணாடி செய்து பொம்மைக்கு மாட்டிவிட்டான். போன வாரம் வீட்டில் அவனாகவே கேட்டான்: "தாத்தாவுக்கு வலிச்சுதா?" உட்கார்ந்து பேசினோம்.

அவன் படம் வரைந்தால் உடனே "அழகா இருக்கு" என்று மதிப்பெண் போடாமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காத்திருப்புதான் பெற்றோருக்குக் கஷ்டம், ஆனால் பலன் தெரிகிறது. தூக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதனால் அமர்வுகளைத் தொடர்கிறோம்.