மறுமொழி: லீடிங் லைட்ஸ் – தலைமை விளக்கா, நேர்விளக்கா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை நேற்றிரவு முதலிலிருந்து படித்தேன். நாட்டுப்படகுக்காரர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டில், படகைத் துறைக்குள் சேர்க்கும் இரட்டை விளக்குகளான லீடிங் லைட்ஸ் என்பதற்குத் 'தலைமை விளக்குகள்' என்று போடலாம் என ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் 'முன்னணி விளக்குகள்' என்கிறார். இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மண்டபத்துக்காரன். வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே வரும் படகு என்ன ஆகும் என்பதைக் கரையில் நின்று பார்த்தவன். இந்தச் சொல்லை இருட்டில் சுக்கான் பிடித்திருக்கும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். படகு நுழையும் வாய்க்காலுக்கு நேரே கரையில் இரண்டு விளக்குகள் இருக்கும். முன்னது தாழ்வானது. பின்னது இன்னும் உள்ளே தள்ளி, உயரமாக நிற்கும். கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் சரியான பாதையில் இருக்கிறோம். கீழ்விளக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் படகு வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம், இடப்பக்கம் திரும்ப வேண்டும். கீழ்விளக்கு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே படகும் போக வேண்டும், அவ்வளவுதான் பாடம். இதில் தலைமை எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் இதையே ரேஞ்ச் லைட்ஸ் என்பார்கள். அதைப் பார்த்து 'வீச்சு விளக்கு' என்று எழுதினாலும் பொருள் கெட்டுவிடும்.

'லீட்' என்றதும் நமக்குத் தலைவர் நினைவுக்கு வருகிறார். ஆனால் அந்த வினையின் வேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'போ' என்ற பொருள் கொண்ட ஒரு வினையின் பிறவினை அது. போகச் செய்வதுதான் லீட். நாம் 'நட' என்பதிலிருந்து 'நடத்து' என்றும் 'செல்' என்பதிலிருந்து 'செலுத்து' என்றும் ஆக்குகிறோமே, அதே வேலைதான். முன்னால் போகிறவர், மேலே இருப்பவர் என்பதெல்லாம் அதிலிருந்து கிளைத்த பொருள்கள்.

லத்தீனில் இதே பொருளுள்ள 'டூகோ' என்ற வினை நம் பாடப்புத்தகங்களில் எத்தனை வேடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பேருந்தில் நடத்துநர் (கண்டக்டர்), மின்சாரத்தில் கடத்தி (அதே கண்டக்டர்), காந்தத்தில் தூண்டல் (இண்டக்‌ஷன்), தருக்கத்தில் உய்த்தறிதல் (டிடக்‌ஷன்). ஒரே வேருக்கு ஒரே சொல் என்று நம் முன்னோடிகள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேலை என்ன என்று பார்த்துச் சொல் போட்டார்கள். அந்த வழியில்தான் நாமும் போக வேண்டும். ஆனால் 'கடத்துவிளக்கு' என்ற யோசனையை விட்டுவிடலாம். எங்கள் கரையில் கடத்தல் என்றால் மஞ்சள் மூட்டையும் கடலட்டையும்தான் நினைவுக்கு வரும்.

மேலே சொன்னவற்றில் என் மனம் நின்ற இடம் 'உய்த்தல்', அதாவது கொண்டுபோய்ச் சேர்த்தல். தாவரவியலுக்கும் சட்டத்துக்கும் சொல் தேடும்போது நாம் மறந்தே போகும் வினை இது. "நன்றின்பால் உய்ப்ப தறிவு" என்கிறது குறள். "அடக்கம் அமரருள் உய்க்கும்" என்றும் சொல்கிறது. இன்றைய செய்தித்தாளில் 'இட்டுச்செல்லும்', 'வழிவகுக்கும்' என்று நீட்டி எழுதுவதை வள்ளுவர் ஒரே வினையில் முடித்திருக்கிறார். ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய் விடுவதைச் சொல்ல நமக்கு ஆங்கிலத்திடம் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. 'சட்டம் கொண்டுவந்தார்கள்', 'மாற்றம் கொண்டுவந்தது' என்று எல்லாவற்றுக்கும் ஆங்கில 'பிரிங்'கை அப்படியே பெயர்த்துப் போடும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சட்டத்தை இயற்றலாம், மாற்றம் நிகழலாம். ஆட்டை ஓட்டிட்டு வருவோம், பிள்ளையைத் தூக்கிட்டு வருவோம், பெரியவரைக் கூட்டிட்டு வருவோம், இஞ்சின் நின்ற படகைக் கட்டி இழுத்துட்டு வருவோம். ஆங்கிலம் இத்தனைக்கும் ஒரே வினையை வைத்து ஒப்பேற்றிவிடும்.

கையேட்டின் நான்காம் பக்கத்தில் 'படகை உள்ளே கொண்டுவரவும்' என்று இருக்கிறது. அதுவும் சரியில்லை. வரு, தரு இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லும் கொடுவும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. 'வா' என்று சொல்ல வேண்டுமானால் சொல்கிறவர் கரையில் நிற்க வேண்டும். கையேட்டைப் படிப்பவரோ படகில் இருக்கிறார். அவருக்குத் துறை என்பது போகிற இடம். 'கொண்டுசெல்லவும்' என்று மாற்றிவிடுங்கள். லீட் என்ற வினையில் இந்த இங்கே-அங்கே கிடையாது, உய்த்தலிலும் கிடையாது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் 'உய்விளக்கு' என்று முன்மொழிய இருந்தேன்.

பழைய முன்மாதிரியும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் "இலங்குநீர் வரைப்பிற் கலங்கரை விளக்கமும்" என்று வருகிறது. அந்தக் 'கரை' மண்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல். கலத்தை அழைக்கிற விளக்கு. தூரத்திலிருந்து 'வா' என்று கூப்பிடுவது அது. அருகில் வந்தபின் பார் தட்டாமல் உள்ளே சேர்ப்பது இது. கலங்கரை விளக்கமும் உய்விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே நன்றாக இருந்தது.

எழுதுவதற்கு முன் கீழக்கரையில் முப்பது வருஷம் வல்லம் என்ற படகு ஓட்டிய காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவருக்குப் போன் போட்டேன். உய்விளக்கு என்றதும், "எந்த விளக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். இஞ்சின் சத்தத்தில் இது 'உள்விளக்கு' என்று காதில் விழும் என்றார். பிறகு, விளக்கு இல்லாத காலத்தில் எப்படி உள்ளே போனீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பனை இருந்துச்சு தம்பி. முன் பனை பின் பனையை மறைச்சுக்கிட்டே இருக்கணும். பின் பனை எட்டிப் பாத்துச்சுன்னா நீ விலகிட்டேன்னு அர்த்தம். ஒரு புயல்ல முன் பனை விழுந்துருச்சு. அந்தக் குழியிலயே ஒரு கம்பை நட்டு, உச்சியில வெள்ளைச் சாக்கைக் கட்டுனோம்."

"அதுக்குப் பேர் என்ன காக்கா?"

"பேரா? நேர் பாத்துப் போறதுன்னு சொல்லுவோம். நேர் தப்புச்சுன்னா திருப்பிப் பிடி, அவ்வளவுதான்."

அந்த 'நேர்' எனக்குப் போதும். நேர்விளக்கு என்று சொல்லிப் பார்த்தேன். மறுகேள்வி இல்லாமல், "ரெண்டும் சேந்து நிக்குமே, அதானே" என்றார். உய்விளக்கின் மீது எனக்கு இருக்கும் ஆசையைவிட அந்தப் பதில் பெரியது. எனவே விளக்குகளுக்கு 'நேர்விளக்கு' என்பதே என் முன்மொழிவு. 'வழிகாட்டி விளக்கு' என்று எழுதியவருக்கு: அது தவறில்லை, ஆனால் மிதவையில் எரியும் விளக்கும் வழிகாட்டிதானே. இரண்டு சேர்ந்துதான் வேலை செய்யும் என்பது அதில் தெரியவில்லை.

கடல் வரைபடத்தில் இந்த இரண்டையும் இணைத்து வரும் லீடிங் லைனுக்கு மட்டும் 'உய்கோடு' என்று கேட்கிறேன். 'நேர்கோடு' என்றால் கணக்குப் பாடத்தின் கோட்டோடு குழம்பும். வரைபடத்தில் இந்தக் கோடு படகு போகக்கூடிய தூரத்துக்கு முழுக்கோடாகவும் மீதி விட்டுவிட்டும் இருக்கும். முழுக்கோடு முடிகிற இடத்தைத் தாண்டி விளக்கை நம்பிப் போகக் கூடாது. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கையேட்டின் சொற்பட்டியலில் 19ஆம் வரிசையில், ஆங்கில lead line என்பதற்கு 'வழிநடத்து கயிறு' என்று வந்திருக்கிறது. எழுத்து 'லீட்' போலவே இருந்தாலும் அந்த lead வேறு சொல், ஈயம் என்று பொருள், 'லெட்' என்று சொல்ல வேண்டும். ஆழம் பார்க்க முனையில் ஈயம் கட்டி இறக்கும் கயிறு. 'ஈயக்குண்டுக் கயிறு' என்று வைத்திருக்கிறேன். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இதற்குப் படகில் புழங்கும் பேர் வேறு ஏதாவது இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அது வந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து