டெக்சாஸ் பள்ளித் தரம்: அளவுகோலை உயர்த்தியது முறையா?

கேள்வி:
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பள்ளிகளுக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் வழங்குகிறது. என் மகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி முன்பு ‘ஏ’ தரம் பெற்றிருந்தது. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ‘சி’ என்று வந்திருக்கிறது. ஆசிரியர்கள் மாறவில்லை, தேர்ச்சியும் குறையவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் 1:
அளவுகோல் மாறியதே முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும். உயர்கல்வி, வேலை, ராணுவம் ஆகியவற்றில் ஒன்றுக்கேனும் ஆயத்தமானவர்கள் படித்து முடித்த மாணவர்களில் 60 விழுக்காடு இருந்தால் அந்தக் கூறில் முன்பு ‘ஏ’ கிடைத்தது. 2023இல் அந்த வரம்பு 88 ஆனது. அதுவும், ஏற்கெனவே படித்து முடித்து வெளியேறிய மாணவர்களின் தரவுக்கே புதிய வரம்பைப் பொருத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) நீதிமன்றம் சென்றதால் அந்த ஆண்டின் தர முடிவுகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன.

பதில் 2:
நான் இங்கே ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பெரும்பாலான பள்ளிகள் எளிதில் எட்டிவிடும் வரம்பை உயர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை; ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்காமல் உயர்த்தியதுதான் அநீதி. சென்ற ஆண்டு என் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவன் ஒரு பத்தியைக்கூட விரல் வைத்து எழுத்துக்கூட்டியே வாசித்தான். மே மாதத்தில் முழுக் கதையையும் தடையின்றி வாசித்தான். ஆயினும் தேர்வில் தேறவில்லை. ஆகவே ஒற்றை எழுத்துத் தரத்தோடு நின்றுவிடாமல், அறிக்கையில் மாணவர்களின் வளர்ச்சியையும் கணக்கில் எடுக்கும் ‘பள்ளி முன்னேற்றம்’ என்ற பகுதியையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பார்த்தேன், முன்னேற்றப் பகுதியில் ‘பி’ இருக்கிறது. மகளை வேறு பள்ளிக்கு மாற்றும் எண்ணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.