காவடி விரதத்தில் ஸ்குவாட்: பத்து நாளில் தசை கரைஞ்சிடுமா?

ரோஸ்ஹில் பையன்:
வணக்கம். அம்மா குணமானதுக்கு நேர்ந்துகிட்டு, இங்கே மொரிஷியஸ்ல இந்த வருஷம் தைப்பூசத்துக்கு முதல் தடவையா காவடி எடுக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து பகல்ல பாலும் பழமும், சாயங்காலம் பூசை முடிஞ்சு ஒரு வேளை சாப்பாடு. என் எடை 76 கிலோ. ஸ்குவாட் (தோளில் பாரம் வெச்சு உட்கார்ந்து எழுறது) 130 கிலோ தொட ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் அண்ணனுக்குத் துணையா விரதம் இருந்தப்ப ஆறு நாள்ல ரெண்டரை கிலோ இறங்கிடுச்சு. பயந்து ஜிம்முக்குப் போறதையே நிறுத்திட்டேன். விரதத்தில் குறை வைக்க மனசில்லை. பயிற்சியை எப்படி வெச்சுக்கலாம்?

காத்ர் போர்ன் வேலன்:
தம்பி, நான் 17 வருஷமா கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்கிறேன். அந்த ரெண்டரை கிலோவில் பெரும்பகுதி தசை இல்லை. தசையில் இருக்கிற கிளைகோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடிச்சு வெச்சிருக்கும். சோறும் ரொட்டியும் குறைஞ்சா ரெண்டும் சேர்ந்து இறங்கும், குடலும் காலியாகும். என் நோட்டுல போன வருஷக் கணக்கு: கொடி அன்னைக்கு 81.2, காவடி அன்னைக்கு 78.6, விரதம் விட்டு ஒரு வாரத்தில் 80.7.

பாரத்தைக் குறைக்காதே, செட்டை (சுற்றை) குறை. அஞ்சு செட் போடுற இடத்தில் ரெண்டு போதும். பாரம் குறையாமல் இருந்தா, வழக்கத்தில் மூணில் ஒரு பங்கு செட் போட்டே பலத்தைப் பல வாரம் காப்பாத்தலாம். நான் ஆரம்பத்தில் பிடிவாதமா முழுசும் போட்டேன். ஏழாம் நாள் பாரக் கம்பிக்கு அடியிலேயே கண் இருட்டிடுச்சு, பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைச்சேன். புதுப் பயிற்சியும் வேண்டாம். ஒரு வருஷம் கெண்டைக்கால் பயிற்சி புதுசா செஞ்சுட்டு, அந்த வலியோட வெறுங்காலில் சுடுற தார் ரோட்டில் நடந்தேன். பால் செம்பு ஆடாமல் பிடிக்கவே பெரும்பாடு.

காவடிக்கு மூணு நாள் முன்னாடி கடைசிப் பயிற்சி. மத்த நாள்ல பூசைக்கு முன்னாடி ஜிம், வந்து குளி, பூசை, சாப்பாடு.

புரதம்தான் கவனம். உன் எடைக்கு நாளைக்கு 120 கிராம் நல்லது. ஒரு லிட்டர் பாலில் 33 கிராம். காய்ஞ்ச சோயா உருண்டை 80 கிராமில் 40. பருப்பு, குரோ புவா பயறு, தயிர் சேர்த்தா 100 வந்துடும், பத்து நாளைக்கு அது போதும். பலத்துக்கு எடுக்கிற கிரியேட்டின் துணை உணவு இறைச்சியிலிருந்து எடுக்கிறதில்லை, ஆலையில் தயாரிக்கிறது. ஆனால் கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டு எலும்பு, பன்றித் தோலில் செய்யறது. அது விரதத்துக்கு ஆகாது.

போ பசென் அக்கா (நர்ஸ்):
தம்பி, இங்கே தைப்பூசம் நல்ல வெயில் காலத்தில் வருது. உடம்பு எடையில் 2 சதவீதம் தண்ணீரா போனாலே களைப்பு தெரியும், உனக்கு அது ஒன்றரை கிலோ. விரதம் தண்ணீருக்கு இல்லையே, பகல் முழுக்கக் குடி. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஜிம்முக்கு எடுத்துட்டுப் போ. இதைப் படிக்கிறவங்க யாராவது சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தா, விரதம் தொடங்குறதுக்கு முன்னாடியே டாக்டரிடம் அளவைக் கேளுங்க. ஒரு வேளை சாப்பாட்டில் பழைய அளவு ஆபத்து.

ரோஸ்ஹில் பையன்:
டப்பாவைப் பார்த்தேன் அண்ணா, ஜெலட்டின்னுதான் போட்டிருக்கு. பொடி வாங்கிக்கிறேன். நன்றி அக்கா. காவடிக்கு அப்புறம் பழைய செட்டுக்கு எப்போ போகலாம்?

காத்ர் போர்ன் வேலன்:
பாதம் ஆறட்டும், நாலு நாள் விடு. முதல் நாள் மூணு செட், அடுத்த வாரம் அஞ்சு. அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.