மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கே தவறுகிறது?

புதுத்தடம் (கேள்வி):
அதிகாலை எழுவது, உடற்பயிற்சி, இரவில் போனைக் குறைப்பது. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் இரண்டு வாரம் நன்றாகப் போகிறது. மூன்றாவது வாரத்தில் ஒன்று விடுபடும், பின்னாலேயே மற்ற இரண்டும் போய்விடும். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், ஆனால் 21 நாள் தாண்டினாலும் தானாக வருவதில்லை. எதை முதலில் பிடிப்பது, எப்படித் திட்டமிடுவது? ஊக்கப் பேச்சு வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

நடைவழி:
அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது அது. பழக்கங்களை அளந்து சொன்னதல்ல. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து அளந்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய செயல் சீக்கிரம் படியும், உடற்பயிற்சி தாமதமாகும். ஆக, மூன்றாவது வாரம் என்பது ஆரம்ப வேகம் வடிந்துவிட்ட, ஆனால் பழக்கம் இன்னும் வேர்விடாத நேரம். உங்கள் மன உறுதியில் குறை தேட வேண்டியதில்லை.

மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரவு போன்தான் முதலில். அது தூக்கத்தைத் தள்ளுகிறது, தூக்கம் தள்ளினால் அதிகாலை போச்சு, அதிகாலை போனால் உடற்பயிற்சியும் போச்சு. வரிசையை மாற்றிப் பிடித்தால் தினமும் தூக்கக் கலக்கத்தோடு போராட வேண்டியிருக்கும்.

"இரவில் குறைப்பேன்" என்பதைச் செயல்படுத்த முடியாது. எப்போது, எங்கே, என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்: "பிரஷ்ஷைக் கழுவி வைத்ததும், போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போவேன்." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் விரிவாக ஆராய்ந்த முறை இது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது. "பத்து மணிக்கு" என்று நேரத்தை நம்பாமல், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையின் முடிவோடு கட்டுங்கள். "பல் துலக்கும்போது" என்று எழுதினால் எந்த நொடி என்று தெரியாது. பிரஷ் ஸ்டாண்டில் விழும் நொடி தெரியும்.

பெரும்பாலும் இது உடைவது அலாரத்தில். "காலையில் எழுப்ப வேண்டுமே" என்று போன் மறுபடி தலைமாட்டுக்கு வந்துவிடும். தனி அலாரம் கடிகாரம் வாங்குங்கள். கட்டில் பக்கத்துச் சார்ஜர் வயரை எடுத்துவிடுங்கள்; உபரி வயர் ஒன்று இருந்தாலும் நான்காம் நாள் அது பயன்படும். அவசர அழைப்பு பயமென்றால் நெருங்கியவர்களின் எண்களுக்கு மட்டும் சத்தம் வைத்து மற்றதை அடக்குங்கள். சும்மா இருக்கும் கை போனைத் தேடும், அதனால் தலைமாட்டில் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

சிறுஅளவு:
உடற்பயிற்சிக்கு வரும்போது குறைந்தபட்ச அளவு ஒன்று வையுங்கள்: ஷூ மாட்டி ஐந்து நிமிட நடை. உடம்பு முடியாத நாளிலும் இதைச் செய்ய முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். நன்றாக இருக்கும் நாளில் நாற்பது நிமிடம்கூட நடக்கலாம், ஆனால் முதல் எட்டு வாரம் குறைந்தபட்சத்தை ஏற்றாதீர்கள். ஏற்றினீர்களானால் அடுத்த சோர்வான நாளில் அது எட்டாத உயரத்தில் நிற்கும்.

எழும் நேரத்தை 15 நிமிடம் மட்டும் முன்னே நகர்த்தி, ஐந்தாறு நாள் நிறுத்தி, பிறகு அடுத்த 15. எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். விடுமுறை நாளில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் உடலின் கடிகாரம் மறுபடி பின்னே போய்விடும்.

புதுத்தடம்:
நன்றி. ஒருநாள் விட்டுவிட்டால் "அவ்வளவுதான், போச்சு" என்று தோன்றிவிடுகிறதே? பயணம், விருந்தினர் என்று வந்தால்?

கணக்குநோட்டு:
அந்த "போச்சு"தான் உண்மையான ஆபத்து. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் கண்டது இதுவே: ஒரு சறுக்கலை "நானே இப்படித்தான்" என்று எடுத்துக்கொள்பவர்கள் முழுதாகப் பழைய நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். லாலியின் ஆய்விலும் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே தவறும் நாளுக்கும் இப்போதே ஒரு வரி எழுதுங்கள்: "ஒருநாள் விட்டால், மறுநாள் குறைந்தபட்ச அளவு மட்டும்." விட்டதை ஈடுகட்ட இரண்டு மடங்கு செய்வது வேண்டாம். அது தண்டனையாகிவிடும், தண்டனையை மனம் தள்ளிப்போடும்.

காலண்டரில் செய்த நாளுக்கு டிக், விட்ட நாளுக்குக் காரணம் ஒரே சொல்லில். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் பழக்கத்தை நீங்கள் கட்டிய இடம் சரியில்லை, அதை மாற்றுங்கள்.

பயணத்துக்கு வேறு வரி வேண்டும். பழக்கம் சூழலோடு ஒட்டிக்கொள்வது. அறை மாறினால் தூண்டுதலும் காணாமல் போகும். "தங்கும் இடத்தில் பெட்டியைத் திறந்ததும் சார்ஜரைக் கதவருகே உள்ள பிளக்கில் மாட்டுவேன்" என்கிற மாதிரி. இன்னொன்று: பழைய பழக்கம் அழிவதில்லை, அதன்மேல் புதியது படிகிறது. பழைய சூழலுக்குத் திரும்பும்போது, மாதக்கணக்கில் நன்றாகப் போனபிறகும் அது தலைதூக்கும். வீடு, வேலை மாறும் வாரங்களில் டிக் போடுவதை நிறுத்தாதீர்கள்.

நடைவழி:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தினமும் அதிகமாக மது குடிப்பவர்கள் இந்த முறையில் திடீரென நிறுத்த வேண்டாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்ய வேண்டியது அது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் ஆர்வமும் சேர்ந்தே குறைந்திருந்தாலும், அட்டவணை போடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.